தறிக்குழியில் அமர்ந்த ஞானி

பயணம் போனவர் ஊர் திரும்பியதும் அவருக்கு ஒரு சலுகை முடிந்துவிடுகிறது. வழியில் லுஹர், அஸர், இஷா மூன்றையும் இரண்டிரண்டு ரக்அத்தாகச் சுருக்கித் தொழுதவர், சொந்த ஊர் எல்லைக்குள் வந்துவிட்டால் நான்கு ரக்அத் தொழ வேண்டும். இது நம் வாசகர்கள் அனைவரும் அறிந்த சட்டமே. ஆனால் பயணத்தில் சுருங்கிப் போனவை தொழுகை மட்டும்தானா? பஜ்ருக்குப் பின் ஓதி வந்த அந்த ஒரு பக்கம் குர்ஆன், கடை திறக்கும் நேரம், பிள்ளைகளை மத்ரஸாவுக்கு எழுப்பி அனுப்புவது, உறவு முறையாரைப் போய்ப் பார்ப்பது ஆகியவையும் வழியில் சுருங்கித்தான் போகின்றன. அவை ஊர் எல்லையைக் கண்டதும் தாமாக நான்காகி விடுவதில்லை.

ஹஜ்ஜிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் திரும்புகிறவர்கள் நிறைந்த மாவட்டம் நம் கன்னியாகுமரி மாவட்டம். எனவே இந்த மாவட்டத்தில் தக்கலையில் அடங்கியிருக்கும் ஞானமாமேதை பீர்முகம்மது அப்பா (ரஹ்) அவர்களின் வாழ்வை இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்க விரும்புகிறோம்.

அப்பா அவர்கள் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர்கள். பிறந்த ஊர் தென்காசி. நெசவுத் தொழில் அவர்களுக்கு வாழ்க்கைத் தொழிலாக இருந்தது. இறைவனைத் தேடும் நாட்டம் மிகுந்து, தென்காசியை விட்டு மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் நீண்ட காலம் தனித்திருந்தார்கள் என்று வரலாறு கூறுவோர் கூறுகின்றனர். இன்று கேரளத்து இடுக்கி மாவட்டத்தில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கும் பீர்மேடு என்னும் ஊருக்கு அப்பெயர் வந்ததே பீர் அவர்கள் அங்குத் தங்கியதால்தான் என்பது தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் செய்தி. தேயிலைத் தோட்டங்கள் வருவதற்கு முந்திய அந்த மலையில் அடர்ந்த காடும் யானைக் கூட்டமும்தான் இருந்திருக்கும்.

அப்பா அவர்களைப் பற்றிப் பேசும் நம் மக்கள் பெரும்பாலும் இந்தக் காட்டோடு நின்று விடுகிறார்கள். வனவிலங்குகள் பணிந்தன, அற்புதங்கள் நிகழ்ந்தன என்று விரிவாகச் சொல்வார்கள். வலிமார்களின் கராமத்தை நாம் மறுக்கவில்லை. ஆயினும் நம்மை அதைவிட வியக்க வைப்பது வேறொன்று. அவர்கள் மலையிலிருந்து இறங்கி வந்தார்கள். வேணாட்டு அரசர்களின் கல்குளம் அரண்மனைக்கு, அதாவது பின்னாளில் பத்மனாபபுரம் என்று பெயர் பெற்ற இடத்துக்கு, அருகில் இருக்கும் தக்கலையில் குடியேறினார்கள். அங்கே மறுபடியும் தறியில் அமர்ந்தார்கள்.

தறியில் அமர்வது என்றால் என்னவென்று இக்காலத்து இளைஞர்களுக்குச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. அந்நாளைய தறி குழித்தறி. வீட்டுத் தரையில் குழி வெட்டி, நெய்பவர் தரை மட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதியை மிதிக்க வேண்டும். மண்ணின் ஈரம் நூலுக்குப் பதம் தரும்; இழை அடிக்கடி அறாது. கைத்தடியையும் மூட்டையையும் போல இதை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போக முடியாது. ஒருவர் ஓர் ஊரில் தறிக்குழி வெட்டினார் என்றால், இங்கே இருக்கப் போகிறேன் என்று நிய்யத்து வைத்துவிட்டார் என்றுதான் பொருள். இத்தனை நாள் தங்குவதாக நிய்யத்து வைத்தால் கஸ்ரு இல்லை என்று ஹனபி மத்ஹபில் பதினைந்து நாளும், ஷாபிஈ மத்ஹபில் வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாளும் கணக்குச் சொல்வார்கள். குழி வெட்டியவருக்கு அந்தக் கணக்கே தேவையில்லை.

நெசவில் ஒருநாள் வேலை மற்றொரு நாளுக்கு உதவாது. பாவு விரித்துக் கஞ்சி போடுவது விடியற்காலையில் செய்ய வேண்டிய வேலை. வெயில் ஏறினால் கஞ்சி சீராகப் பிடிக்காது. ஆகவே பஜ்ரு தொழுத கையோடு தெருவில் இறங்க வேண்டும். நம் மாவட்டத்தில் ஆண்டுக்கு இரு பருவமழை. ஜூனிலும் அக்டோபரிலும் வானம் மூடிக்கொண்டால் நூல் காயாது. ஒரு பாவு முடிந்தால் அடுத்த பாவின் இழைகளைப் பழைய முனைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். இதற்குப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை தினமும் வேண்டும். காட்டில் பல ஆண்டு தனித்திருந்தவருக்கு, விலைபேச வருகிற வியாபாரியையும், கடன் கேட்க வருகிற அண்டை வீட்டாரையும், அறுந்த இழையையும் பொறுத்துக்கொள்வது எளிதாக இருந்திருக்குமா என்று நாம் எண்ணிப் பார்க்கிறோம். தனிமையில் வாய்க்கும் அமைதி வேறு. சந்தைத் தெருவில் அதைக் காத்துக்கொள்வது வேறு.

நாயகம் (ஸல்) அவர்கள் இந்த மார்க்கத்தில் துறவறத்துக்கு இடம் வைக்கவில்லை. இரவெல்லாம் தொழுது பகலெல்லாம் நோன்பு நோற்கத் துணிந்த தோழர்களைத் தடுத்து, உடலுக்கும் குடும்பத்துக்கும் விருந்தாளிக்கும் உள்ள உரிமையை நினைவூட்டினார்கள். கைத்தொழிலால் உண்டவர்களில் தாவூது நபி (அலை) அவர்களை எடுத்துக்காட்டினார்கள். பயணத்தின் தேவை முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்பும்படி ஏவினார்கள். தாங்கள் திரும்பும்போது முதலில் பள்ளிவாசலுக்குச் சென்று இரண்டு ரக்அத் தொழுவது அவர்களின் வழக்கம். நெடும்பயணம் சென்றவர் முன்னறிவிப்பின்றி நள்ளிரவில் வீட்டுக் கதவைத் தட்டுவதையும் விரும்பவில்லை. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நாம் இல்லாதபோதும் வீடு நடந்துகொண்டுதான் இருந்தது. தாயும் மனைவியும் அதற்கொரு ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். திரும்பி வருபவர் அந்த ஒழுங்குக்குள் நுழைய வேண்டுமே தவிர, இரண்டு மாத விடுப்பில் வந்து அதை உலுக்கிவிட்டுப் போவது சுன்னத்தான வழியன்று. வீட்டுப் பெண்களைக் கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்வார்கள்!

தக்கலைத் தறியின் பக்கம் மீண்டும் வருவோம். அப்பா அவர்கள் பாடிய பாடல்கள் பதினெட்டாயிரம் என்பர். ஞானப்புகழ்ச்சி, ஞானமணிமாலை, ஞானக்குறம், பிஸ்மில் குறம், சிங்கனும் சிங்கியும் உரையாடும் ஞானரத்தினக் குறவஞ்சி என நூல்கள் பல. அரபு ஞானச் சொற்களும் தமிழ்ச் சித்தர் மரபின் சொற்களும் அவற்றில் கலந்து வரும். பொருள் ஆழமானது, எல்லோருக்கும் எளிதில் பிடிபடாது. அக்காலத்திலேயே இப்பாடல்களைக் குறித்து ஐயம் எழுந்தது என்றும், கீழக்கரையில் அடங்கியிருக்கும் மார்க்க மேதை சதக்கத்துல்லா அப்பா (1632-1703) அவர்களே தக்கலைக்கு வந்து சந்தித்து, உள்ளம் தெளிந்து திரும்பினார்கள் என்றும் ஊர் வழக்கு உண்டு. அந்தச் சந்திப்பும் தறியருகேதான் நடந்தது என்று சொல்லும்போது முதியவர்களின் முகத்தில் ஒரு பெருமிதம் தெரியும். நெசவாளர் தெருவின் பெருமிதம் அது. இங்குள்ள முஸ்லிம்களின் அமைப்பு அஞ்சுவண்ணம் என்ற பெயரைத் தாங்கியிருக்கிறது. கி.பி. 849ஆம் ஆண்டுக் கொல்லம் செப்பேட்டில் வணிகக் குழு ஒன்றின் பெயராக வரும் பழைய பெயர் இது. கடல் வணிகரின் பெயரைத் தறிக்காரர்களும் சுமந்திருக்கிறார்கள்.

ஆண்டுதோறும் ரஜபு மாதம் பிறை 14 இரவில் தக்கலையில் ஞானப்புகழ்ச்சி பாடப்படுகிறது. ஒன்றாக அமர்ந்து விடிய விடியப் பாடுகிறார்கள். வெளியூரில் இருப்பவர்களும் அந்த இரவுக்காக ஊருக்கு வந்து சேர்கிறார்கள். நேர்ச்சைச் சோறு வாங்கிக்கொண்டு கலைகிறார்கள். நெசவு அருகிப்போன இக்காலத்திலும் இந்த வழக்கம் குன்றவில்லை. அந்த ஓர் இரவு விழித்தவர்களில் எத்தனை பேர் மறுவாரத்து பஜ்ருக்கு விழிக்கிறார்கள் என்பதை அந்தந்த மஹல்லாவின் முஅத்தின்தான் அறிவார்.

அப்பா அவர்கள் பிறந்த தென்காசிக்குக் குடிபெயர்ந்து போகவில்லை. தனித்திருந்த மலைக்கும் மீளவில்லை. தறிக்குழி வெட்டிய ஊரிலேயே நெய்து, பாடி, அங்கேயே அடங்கினார்கள்.