பெயர் என்னும் மூலதனம்!

ஹோம் தியேட்டர் ஒலிபெருக்கி வாங்கச் செல்வோர் முதலில் பார்ப்பது அதன் மீது பொறிக்கப்பட்ட பெயரைத்தான். கடையின் இரைச்சலில் ஒலியின் தரத்தைச் சீர்தூக்கிப் பார்க்க இயலாது. ஆகவே, பெயரை நம்பிப் பணம் கொடுக்கிறோம். விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாத சந்தையில், வணிகப் பெயர் தரத்துக்குப் பிணையாக நிற்கிறது என 1970-இல் பொருளியலாளர் ஜார்ஜ் ஏகர்லாஃப் விளக்கினார். அதை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் என் நினைவுக்கு வந்தவர், ஜேபிஎல் என்ற மூன்றெழுத்துக்கு உரியவரான ஜேம்ஸ் புல்லோ லான்சிங்.

1902-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தபோது அவர் பெயர் ஜேம்ஸ் மார்ட்டினி. பின்னர் லான்சிங் எனப் பெயரை மாற்றிக்கொண்டு, 1927-இல் லாஸ் ஏஞ்சலீஸில் கென் டெக்கருடன் இணைந்து ஒலிபெருக்கி நிறுவனம் தொடங்கினார். பேசும் படங்கள் பரவத் தொடங்கிய காலம் அது. 1930-களில் எம்ஜிஎம் நிறுவனம் திரையரங்குகளுக்காக உருவாக்கிய ஷியரர் ஒலிபெருக்கி அமைப்பில் அவருக்கும் முக்கியப் பங்குண்டு.

நிர்வாகத்தைக் கவனித்த டெக்கர் 1939-இல் விமான விபத்தில் இறந்ததும் நிறுவனம் தள்ளாடியது. 1941-இல் அதை விலைக்கு வாங்கிய ஆல்டெக், தன் பெயரை ஆல்டெக் லான்சிங் என்று ஆக்கிக்கொண்டது. 1946-இல் அங்கிருந்து விலகிய லான்சிங், தம் பெயரில் புதிய நிறுவனம் தொடங்கியபோது ஆல்டெக் ஆட்சேபித்தது. தம் உழைப்பால் மதிப்புப் பெற்ற பெயரைத் தாமே பயன்படுத்த அவருக்குத் தடை! தேர்ந்த பொறியாளரான அவருக்கு வணிகம் கைவரவில்லை. கடன் சுமை பெருகிய நிலையில், 1949-இல் தமது 47-ஆம் வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார்.

பெயர் மட்டும் வளர்ந்தது. வில்லியம் தாமஸ் நிறுவனத்தை நிமிர்த்தினார். ஆல்டெக்குடனான பெயர்ச் சிக்கலால் 1950-களில் ஜேபிஎல் என்னும் சுருக்கமே வணிகப் பெயரானது. 1969-இல் அது இன்றைய ஹர்மன் குழுமத்தின் முன்னோடி நிறுவனத்துக்குக் கைமாறியது. 2017-இல் ஹர்மனையே சாம்சங் வாங்கியது. ஆல்டெக் லான்சிங் என்ற பெயரோ பிற்காலத்தில் கணினி ஒலிபெருக்கிகளில் இடம்பெற்றது.

நற்பெயர் உழைப்பால் விளைகிறது. விளைந்தபின் விற்பனைச் சரக்காகிவிடுகிறது. அதை வாங்கியவர் பழைய தரத்தைக் காக்கலாம். பழைய மதிப்பைச் செலவழித்தும் தீர்க்கலாம். எனவே, பெயரைப் பார்ப்பதில் தவறில்லை; அதோடு நின்றுவிடுவதுதான் தவறு. இன்று அந்தப் பெயருக்கு உரிமையாளர் யார், தரும் உத்தரவாதம் என்ன என்று கேட்போம். பழக்கமான ஒரு பாடலை ஒலிக்கச் செய்து கேட்டபின் பணத்தை எடுப்போம்.

கட்டுரையாளர்: பேராசிரியர் (ஓய்வு).