வேதியியல் மேதை பெர்சி ஜூலியன்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரில், 1899-இல் கருப்பினக் குடும்பமொன்றில் பிறந்தவர் பெர்சி ஜூலியன். அவர்தம் பாட்டனார் அடிமையாயிருந்தவர். அந்நகரில் கருப்பினப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்புக்குமேல் பொதுப்பள்ளி இல்லை. ஆதலின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியொன்றில் பயின்று, 1916-இல் இண்டியானாவின் டிபா பல்கலைக்கழகத்தை அடைந்தார். அங்கோ முழு மாணவராக ஏற்கப்படவில்லை. கல்லூரிப் பாடங்களோடு உயர்நிலைப் பள்ளிப் பாடங்களையும் இரண்டாண்டுகள் சேர்த்துப் படித்தார். விடுதியில் இடமில்லை, மாணவர் இல்லமொன்றில் வேலை செய்து, அதன் பரணில் தங்கினார். 1920-இல் வகுப்பின் முதல் மாணவராகத் தேறினார்.

முதன்மை பெற்றும் ஆராய்ச்சிப் படிப்பு எளிதில் கிட்டவில்லை. அவர்பொருட்டுப் பேராசிரியர் எழுதிக் கேட்டபோது, கருப்பருக்கு அப்பட்டத்தால் வேலை கிடைக்காதெனப் பல்கலைக்கழகங்கள் கைவிரித்தன. ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்பித்தபின், உதவித்தொகை பெற்று, 1923-இல் ஹார்வர்டில் முதுகலைப் பட்டம் பெற்றார். வெள்ளை மாணவர் கருப்பரிடம் பாடம் கேட்கமாட்டாரென அஞ்சி, அங்கே கற்பிக்கும் பணி மறுக்கப்பட்டது. அவர் தளர்ந்தாரல்லர், கடல்கடந்து வியன்னா சென்று 1931-இல் முனைவரானார்.

1935-இல் டிபாவிலேயே, யோசப் பிக்லுடன் இணைந்து, கண்ணழுத்த நோய்க்கு மருந்தான ஃபைசோஸ்டிக்மினைச் செயற்கையாக ஆக்கினார். பின்னர்ச் சோயாவிலிருந்து ஹார்மோன் மருந்துகளைப் பெருமளவில் ஆக்கினார். 1973-இல் தேசிய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. 1975-இல் மறைந்தார்.

இளைஞர்களே! சிற்றூர்ப் பள்ளியிலிருந்து பெருங்கல்லூரி புகுவோர், விடுபட்ட பாடத்தை வெட்கமின்றிக் கற்று நிரப்புங்கள். பிறர் அடைத்த கதவை உங்கள் தகுதிக் குறைவென்று ஒருநாளும் எண்ணாதீர்கள்.