லாரி ஏறிப் போன கதாநாயகி: யார் இந்த பி.கே. ரோஸி?

மலையாள சினிமாவின் முதல் கதாநாயகி, ஒரு தலித் பெண். ஜே.சி. டேனியலின் மௌனப்படமான 'விகதகுமாரன்' படத்தில் நாயர் பெண்ணாக நடித்தார். பொறுக்கமுடியாத ஆதிக்க சாதியினர் அவரைத் தாக்கினார்கள், வீட்டுக்குத் தீ வைத்தார்கள்.

திருவனந்தபுரத்திலிருந்து தப்பி, நாகர்கோவில் பக்கம் போன லாரி ஒன்றில் ஏறினார் என்கிறார்கள். லாரி டிரைவர் கேசவ பிள்ளையை மணந்தார். அவர் நாயர். பந்தல் போட்டு, ஊரைக் கூட்டி நடத்துகிற கல்யாணமா இது? சான்ஸே இல்லை.

இன்றைக்குப் பனச்சமூடு, பாறசாலை ஓரமாகப் போகும் மாநில எல்லை 1956இல் வந்தது. அன்று நாகர்கோவிலும் திருவிதாங்கூர்தான். அதே சமஸ்தானத்துக்குள் ஒளிந்து வாழணும்னா பெயரை விட்டாகணும். ரோஸி, ராஜம்மாள் ஆனார். சினிமா பக்கம் திரும்பவில்லை.

2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் அவருக்கு டூடுல் போட்டது. அந்தப் படத்தின் பிரதி இன்று இல்லை.