பண்டிதை ரமாபாய் அம்மையார்

மும்பையிலிருந்து சென்னை செல்லும் இருப்புப் பாதையில், புனே நகரைக் கடந்தபின் கேட்காவ் என்னும் ஊர் வருகின்றது. விடுமுறைக்குத் தாயகம் செல்லும் நம்மவர் பலர் அதனைக் கவனியாமலே கடந்திருப்போம். பண்டிதை ரமாபாய் அம்மையாரின் முக்தி இல்லம் எழுந்த இடம் அதுவே.

அம்மையார் 1858ஆம் ஆண்டில், இன்றைய கருநாடகத்து மலைக்காட்டில், மராத்திய அந்தணர் குடியில் தோன்றினார். தந்தையார் அனந்த சாஸ்திரி, பெண்களுக்கு வடமொழி ஆகாது என்னும் கட்டுப்பாட்டைத் தள்ளித் தம் மனைவியாருக்கு அதனைக் கற்பித்தவர். அன்னை லட்சுமிபாய் அக்கல்வியை மகளுக்கு வழங்கினார். திருத்தலங்கள்தோறும் புராணம் படித்து, அன்பர் அளிப்பதைக் கொண்டு அக்குடும்பம் வாழ்ந்தது.

1870களில் சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சம் அவர்களையும் விடவில்லை. முதலில் தந்தையாரும், சில வாரங்களில் அன்னையும், பின்னர்த் தமக்கையும் மறைந்தனர். அன்னையின் உடலைச் சுமக்க அந்தணர் இருவரே முன்வந்தனர். தமையனார் மூன்றாமவர், ரமாபாயே நான்காமவர். உயரம் குறைந்தவராதலின், பாடையைத் தோளில் ஏற்க இயலாமல் தலைமேல் தாங்கிச் சுடலைவரை நடந்தார்.

எஞ்சிய இருவரும் நாடெங்கும் நடந்து 1878இல் கல்கத்தாவை அடைந்தனர். அங்குள்ள அறிஞர்கள் அவருடைய புலமையை வியந்து ‘பண்டிதை’, ‘சரசுவதி’ என்னும் பட்டங்களை அளித்தனர். ஆயினும் 1880இல் தமையனார் காலமானார். அவ்வாண்டே வங்காள வழக்கறிஞர் ஒருவரை மணந்து, 1881இல் மனோரமா என்னும் மகளைப் பெற்றார். 1882இல் வாந்திபேதி கணவரையும் கொண்டு சென்றது.

அக்காலத்தில் மேற்குலத்துக் கைம்பெண்ணுக்குத் துயரமே தண்டனையாக விதிக்கப்பட்டது. தலையை மழித்து, மங்கல நிகழ்ச்சிகளினின்று விலக்கி, அவளை மூலையில் இருத்தினர். அழுவதற்கு அவளுக்கு இடமுண்டு, பாடுவதற்கு இடமில்லை.

1883இல் இங்கிலாந்து சென்ற அம்மையார் அங்குக் கிறித்தவம் தழுவினார். 1889இல் மும்பையில் கைம்பெண்களுக்காகச் சாரதா சதனத்தைத் தொடங்கினார். மறு ஆண்டில் அது புனேக்கு மாறியது. மதமாற்றம் பற்றிய ஐயத்தால் 1893இல் ஆதரவாளர் பலர் விலகினர். எனினும் அவர் தளரவில்லை. 1896-97ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் மத்திய மாகாணங்களுக்குச் சென்று, ஆதரவற்ற பெண்கள் ஏறக்குறைய 300 பேரை மீட்டு வந்தார். முக்தி இல்லம் இங்ஙனம் வளர்ந்தது.

அங்கு வந்தவர்களுள் பலர் பெற்றோரையோ, கணவனையோ, குழந்தையையோ இழந்தவர்கள். அவர்களுக்கு உணவும் கைத்தொழிலும் தந்ததோடு அம்மையார் நின்றுவிடவில்லை. மராத்தி மொழியில் வழிபாட்டுப் பாடல்கள் இயற்றினார். மூலையில் ஒடுங்கிய பெண்கள் இறைவன் திருமுன் ஒன்றாய் அமர்ந்து குரலெடுத்துப் பாடினர். 1905ஆம் ஆண்டில் அவ்வழிபாடு பெரும் எழுச்சியாயிற்று. நூற்றுக்கணக்கானோர் வாய்விட்டு அழுது ஒருசேர மன்றாடினர். அம்மையார் அவ்வழுகையை அடக்க முயலவில்லை. நெடுநாள் நெஞ்சில் உறைந்த துயரம் வழிபாட்டில்தான் கரைய வேண்டும் என்பதை அவர் வாழ்வே அவருக்கு உணர்த்தியிருக்கும் என்று நாம் கருதுகிறோம்.

இறுதிச் சோதனை இன்னும் எஞ்சியிருந்தது. தம் பணிக்கு வலக்கையாய் விளங்கிய மனோரமா 1921இல் தாய்க்கு முன்னே மறைந்தார். விவிலியம் முழுவதையும் மூலமொழிகளினின்று எளிய மராத்தியில் பெயர்க்கும் பணியில் அம்மையார் பல்லாண்டுகள் உழைத்து வந்தார். மகள் மறைந்த பின்னரும் அப்பணியை விடாது நிறைவு செய்து, 1922 ஏப்பிரல் 5ஆம் நாள் இறையடி எய்தினார். நூல் 1924இல் வெளிவந்தது.

நாம் எச்சமயத்தினராயினும், உற்றாரை ஊரில் விட்டுத் தொலைவில் வாழ்கின்றோம். இழப்புச் செய்தி வரும் நாளில் நம்முள் ஒருவர் தனித்து அழ நேராதபடி உடனிருப்பதே, இவ்வம்மையாரின் வரலாறு நமக்கு உணர்த்தும் கடமையாகும்.