யூலியஸ் வொன் சாக்ஸ் (1832 – 1897)

மாணவர்களே, இலையிலுள்ள பச்சையத்தை அற்ககோலினால் அகற்றி, அயடீன் கரைசலிட்டு மாப்பொருளைச் சோதிக்கும் பரிசோதனையை நீங்கள் செய்திருப்பீர்கள். இப்பரிசோதனைக்கு வழிகாட்டியவர் ஜேர்மனியத் தாவரவியலறிஞர் யூலியஸ் வொன் சாக்ஸ் ஆவார்.

இவர் 1832 இல் பிரெஸ்லோ நகரில் பிறந்தார். அந்நகரம் இன்று போலந்து நாட்டில் உள்ளது. பதின்ம வயதிலேயே பெற்றோர் இருவரையும் இழந்தமையால் இவரது பாடசாலைக் கல்வி தடைப்பட்டது. இவரது சித்திரத் திறமையை அறிந்த உடற்றொழிலியல் அறிஞர் புர்க்கினியே, இவரைப் பிராக் நகருக்கு அழைத்துத் தமது உதவியாளராக்கினார். அங்கு தொழில் செய்துகொண்டே கற்று, 1856 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1861 இல் பொன் நகருக்கு அருகிலிருந்த விவசாயக் கல்லூரியில் ஆசிரியரானார். 1868 முதல் இறக்கும்வரை வூர்ட்ஸ்பேர்க் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கினார்.

நாற்றுக்கள் கூறிய உண்மை

இருளில் முளைத்த பயறு நாற்றைப் பார்த்திருக்கிறீர்களா? தண்டு நீண்டு மெலிந்திருக்கும்; இலைகள் சிறுத்து மஞ்சளாக இருக்கும். இத்தகைய வெளிறிய நாற்றுக்களைச் சாக்ஸ் ஆராய்ந்தார். வித்தில் சேமித்த உணவு முடிந்த நாற்றுக்களை ஒளியில் வைத்தபோது, முதலில் இலைகள் பச்சையாயின. அதன் பின்னரே பச்சையவுருமணிகளில் மாப்பொருள் தோன்றியது. எனவே ஒளித்தொகுப்புக்கு மட்டுமன்றி, அதற்கு வேண்டிய பச்சையம் உருவாவதற்கும் ஒளி தேவை என்பது தெளிவாகியது.

இதற்குக் காரணம் யாது?

இதற்கான விடையை 20 ஆம் நூற்றாண்டின் ஆய்வுகள் தந்தன. நாற்றின் கலங்கள் குளுத்தாமிக்கமிலத்திலிருந்து பல படிகளில் பச்சையத்தை ஆக்குகின்றன. இருளில் இச்செயல் இறுதிக்கு முந்திய நிலையில் நின்றுவிடும். அங்கு சேரும் முன்னோடிப் பதார்த்தத்தைப் பச்சையமாக்கும் பாதையிலுள்ள நொதியம், பூக்குந் தாவரங்களில் ஒளி கிடைத்தால் மட்டுமே தொழிற்படும்.

முன்னோடிப் பதார்த்தம் சிறிதளவு சேர்ந்ததும், அதன் உற்பத்தியின் தொடக்கப் படியே தடுக்கப்படுகிறது. இத்தடை நாற்றின் உயிரைக் காக்கிறது. அளவுக்கு மிஞ்சிச் சேர்ந்தால், ஒளி பட்டவுடன் அப்பதார்த்தம் ஒட்சிசனைத் தாக்குதிறன் மிக்கதாக மாற்றிக் கலங்களைக் கொன்றுவிடும். நாற்று மண்ணுக்கு மேல் வந்ததும் சேர்ந்திருந்த முன்னோடி மாற்றமடையும், தடை நீங்கும், பச்சையம் தொடர்ந்து உருவாகும். வித்துணவு முடிவதற்குள் இது நிகழாவிடின் நாற்று இறந்துவிடும்.

1897 இல் சாக்ஸ் மறைந்தார். அவர் காட்டிய வழியிலேயே நீங்கள் இன்றும் இலையைச் சோதிக்கிறீர்கள்.

நினைவிற் கொள்க

1. பூக்குந் தாவர நாற்றுக்கள் இருளில் பச்சையாவதில்லை.
2. பைன் போன்ற கூம்புளித் தாவரங்களின் நாற்றுக்கள் இருளிலும் பச்சையத்தை ஆக்கவல்லன.
3. பச்சையம் முதலில் தோன்றும். மாப்பொருள் பின்னர் தோன்றும்.

சிந்திக்க: இருளில் முளைத்த நாற்றின் இலையை, ஒளியில் வைத்தவுடனேயே அயடீனால் சோதித்தால் கருநீல நிறம் தோன்றுமா? காரணம் தருக.