பந்தெறிந்த பாலுவின் சரித்திரம்

தில்லி மாநகரில் வாழும் நம் தமிழ்ச் சகோதரர்கள் பிரோஸ் ஷா கோட்லாவை நன்கறிவர். அங்குள்ள சிதைந்த கோட்டையின்மீது அசோகச் சக்கரவர்த்தியின் சிலாஸ்தம்பம் ஒன்று நிற்கிறது. தோப்ரா என்னும் ஊரிலிருந்து அதனைச் சுல்தான் பிரோஸ் ஷா 14ஆம் நூற்றாண்டில் பெயர்த்துக் கொணர்ந்து நாட்டினார். அக்கோட்டையை அடுத்தே கிரிக்கெட் மைதானம் இருக்கிறது. 1948ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மேற்கிந்தியத் தீவினர் அங்கே இந்திய அணியோடு ஆடினர். தில்லியில் நடைபெற்ற முதல் டெஸ்டு ஆட்டம் அதுவே. வந்தவர்கள் 631 ஓட்டங்கள் குவித்தனர். அவற்றுள் வால்காட் எடுத்தவை 152, வீக்ஸ் எடுத்தவை 128, இருவரும் கறுப்பினத்தவர். ஜார்ஜ் ஹெட்லி என்ற பெரும்புகழ் படைத்த கறுப்பரும் அவ்வணியில் இருந்தார். ஆயினும் தலைமை தாங்கி வந்தவர் காடர்டு என்னும் வெள்ளையரே. ஹெட்லிக்கு அவ்வாண்டு ஜனவரியில் ஒரேயொரு டெஸ்டு ஆட்டத்திற்குத் தலைமை கிட்டியது, அவ்வளவே. ஒரு முழுத் தொடருக்குக் கறுப்பர் ஒருவரைத் தலைவராக்க அத்தீவினருக்கு 1960ஆம் ஆண்டு வரையில் மனம் வரவில்லை. அவ்வாண்டில்தான் பிராங்க் வொரெல் அப்பதவியை அடைந்தார்.

இதனைக் கேட்கும் நம்மவர், வெள்ளையரின் நிறவெறியைப் பாருங்கள் என்று வியப்பர். வியக்க வேண்டியதே. ஆனால் நிறம் ஒன்றாயிருந்தும் பிறப்பைக் கேட்டுத் தலைமையை மறுத்த கதை நம் நாட்டிலேயே அதற்கு நாற்பதாண்டு முன்னர் நடந்திருக்கிறது. அக்கதைக்கு உரியவர் பல்வங்கர் பாலு. இன்றைய நம் இளைஞருள் அவர் பெயரை அறிந்தவர் சிலரே. கிரிக்கெட்டின் நுட்பங்களை யாம் கற்றவரல்லோம். எனினும் பாலுவின் வாழ்க்கையை அறிவதற்கு அந்நுட்பங்கள் வேண்டுவதில்லை. ஒரு மண் குவளையைப் பற்றி அறிந்தால் போதும்.

பாலு 1870களின் நடுவில் தார்வாரில் பிறந்தார். சமார் என வழங்கும் தோல் தொழிற் குலத்தவர். தந்தையார் படையில் ஊழியம் புரிந்தவராதலின் குடும்பம் பூனாவில் தங்கிற்று. வெள்ளை அதிகாரிகள் கழித்தெறிந்த மட்டையும் பந்துமே பாலுவுக்கும் தம்பி சிவராமுக்கும் பள்ளிக்கூடமாயின. முதலில் பார்சிகளின் கிளப் ஒன்றில் ஆடுகளத்தைப் பெருக்கி, உருளையிட்டு உருட்டும் வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 3 ரூபாய். பிறகு 1892ஆம் ஆண்டளவில் வெள்ளையரின் பூனா கிளப்பில் 4 ரூபாய்க்கு அமர்ந்தார்.

அங்கே டிராஸ் என்னும் துரை ஒருவர், வலையில் தமக்குப் பந்தெறியும்படி அவரை ஏவினார். பாலு இடக்கையால் மெதுவாகச் சுழற்றி எறிந்தார். எறிந்த பந்து எப்பக்கம் திரும்பும் என்று தேர்ந்த ஆட்டக்காரராலும் அறியக்கூடவில்லை. அக்காலத்தில் மட்டையடியில் பேர்போன கிரெய்க் துரை மற்றவர் வருமுன்னரே வந்து அவரிடம் பயிற்சி பெறுவாராம். தம்மை ஆட்டமிழக்கச் செய்யுந்தோறும் எட்டணா கொடுத்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. நாள்தோறும் மணிக்கணக்கில் பந்தெறிந்தார் பாலு. ஆனால் ஒரு நாளேனும் மட்டையை அவர் கையில் கொடுத்தார் இல்லை. பந்தெறிவது உழைப்பு; மட்டை பிடிப்பது உரிமை. இப்பாகுபாட்டை வெள்ளையர் எந்தச் சட்டப்புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே அது நடந்தது.

பூனாவின் இந்துக்கள் அந்த வெள்ளையரை வெல்ல விரும்பினர். வெள்ளையர் தங்கள் கிளப்பில் இந்தியரைச் சேர்ப்பதில்லை என்ற ஆற்றாமை அவர்களுக்கு இருந்தது. அதற்கு ஏற்ற ஆயுதம் அவ்வெள்ளையரின் மைதானத்திலேயே களம் உருட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அதனைத் தொடலாமோ என்பது வழக்காயிற்று. தெலுங்கு பேசும் உறுப்பினர் சிலர் பாலுவைச் சேர்க்க வேண்டும் என்றனர். மராத்தியப் பிராமணருள் சிலர் மறுத்தனர். அவரை விட்டுவிடுவது மூடத்தனம் என்று கிரெய்க் துரையே பத்திரிகைக்குச் சொன்னதாகக் கூறுவர். முடிவில் சேர்த்துக்கொண்டனர்.

எப்படிச் சேர்த்துக்கொண்டனர் என்பதனைச் சிறிது நின்று நோக்குவோம். மைதானத்தில் அவர் தொட்ட பந்தையே எல்லோரும் தொட்டனர். அதில் தீட்டு இல்லை. தேநீர் வேளை வந்தது. மற்றவர்கள் உள்ளே சென்று அமர்ந்து பீங்கான் கோப்பையில் அருந்தினர். பாலுவுக்குக் கட்டடத்தின் வெளியே, குடித்தபின் எறிந்துவிடத்தக்க மண் குவளையில் கொடுத்தனர். கைகால் கழுவ வேண்டுமாயின், தீண்டப்படாத ஊழியன் ஒருவன் நீர் கொண்டு வரும்வரை மூலையில் காத்திருக்க வேண்டும். பகலுணவு தனித் தட்டில், தனி மேசையில். இது ஒரு தீயவன் செய்த தீமையன்று. அணியில் நல்லவர் பலர் இருந்தனர்; பாலுவின் திறமையைப் புகழ்ந்தவரும் அவர்களே. கோப்பையை வேறாக்கியது ஒருவருடைய குணமன்று, அந்த அமைப்பின் வழக்கம். ஆகவே எவரும் அதற்குப் பொறுப்பேற்க வேண்டியிருக்கவில்லை.

யாம் மில்லில் பல்லாண்டு நின்றவராதலின் இவ்விடத்தில் ஒன்று நினைவுக்கு வருகிறது. பம்பாய் ஆலைகளில் தாழ்த்தப்பட்டோர் நூற்புப் பகுதியில் வேலை செய்யலாம். கூலி மிகுந்த நெசவுப் பகுதியில் நுழையலாகாது. நாடாவில் இட்ட தார் தீர்ந்து புதுத்தார் இடும்போது, நூல்முனையை நாடாவின் துளைவழியே வாயால் உறிஞ்சி இழுப்பது அக்கால வழக்கம். தீண்டப்படாதவன் வாய்பட்ட நாடாவை மற்றவன் எங்ஙனம் வாயில் வைப்பான் என்பதே அவர்கள் காட்டிய காரணம். அவன் நூற்ற நூலைக்கொண்டு நெய்த துணியை உடுப்பதில் மட்டும் தீட்டு இல்லை! 1928ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தத்தின்போது, நெசவுப் பகுதியை நம் மக்களுக்குத் திறக்க வேண்டும் என்று பாபாசாகேப் அம்பேத்கர் வற்புறுத்தினார். மைதானத்தின் மண் குவளையும் ஆலையின் நாடாவும் ஒரே வழக்கின் இரு முகங்கள்.

பாலுவின் பந்துவீச்சால் பூனா இந்துக்கள் வெள்ளையரை வென்றனர். சாத்தாராவின் வெள்ளையர் கிளப்பார் அவருடைய பந்து திரும்பாதிருக்கும் பொருட்டு ஒரு வாரம் களத்தை உருட்டி இறுக்கி வைத்தார்களாம். களம் உருட்டுவதையே தொழிலாகக் கொண்டிருந்தவரை அவ்வழியில் வெல்லப் பார்த்தது வேடிக்கையே. அங்கும் அவர் 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார்.

1896ஆம் ஆண்டின் பிளேக் நோய்க்குப் பின் பம்பாய் வந்து, படையில் சிலகாலமும் பின்னர் இரயில்வேயிலும் ஊழியம் செய்தார். பம்பாய் இந்து ஜிம்கானாவிலும் அவரைச் சேர்க்கத் தடை கூறினோர் உண்டு. தலைவரின் முயற்சியால் அத்தடை நீங்கிற்று. 1906 பிப்ரவரியில் இந்துக்கள் பம்பாயின் வெள்ளையரை எதிர்த்து ஆடினர். இந்துக்கள் 242 ஓட்டமும் 160 ஓட்டமும் எடுத்தனர். வெள்ளையர் 191, பின்பு 102. இந்துக்களின் வெற்றி 109 ஓட்டங்களால். இறுதியில் 5 விக்கெட்டுகளைச் சாய்த்தவர் பாலு. சிவராமும் உடன் ஆடினார். பூனாவில் வெளியே தேநீர் பெற்றவர் பம்பாயில் உள்ளே மற்றவரோடு அமர்ந்து உண்டார். தஞ்சை நாட்டவரான காமாட்சி நடராசன் நடத்திய இந்தியன் சோஷியல் ரிபார்மர் பத்திரிகை, இச்சகோதரரைச் சேர்த்துக்கொண்டதனையே பெரிதாகப் பாராட்டி எழுதிற்று.

1911ஆம் ஆண்டில் பாட்டியாலா மகாராஜாவின் தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து சென்றது. 23 ஆட்டங்களில் 6 வெற்றி, 15 தோல்வி. மகாராஜா விருந்துகளில் மூழ்கியிருந்தார் என்பர். பாலுவோ கை வலியோடும் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். திரும்பி வந்தபோது பம்பாயின் தாழ்த்தப்பட்ட மக்கள் அவருக்கு வரவேற்பு அளித்தனர். அப்பொழுது படித்த வரவேற்புப் பத்திரத்தை எழுதியவர் இளைஞராயிருந்த பீமராவ் அம்பேத்கர் என்று கூறுவர். அக்கால நம் மக்களுக்குப் பாலுவைப் போன்ற வீரர் வேறொருவர் இலர். கணபத், விட்டல் என்ற தம்பியரும் வளர்ந்து அணியில் சேர்ந்தனர். 1913ஆம் ஆண்டில் நால்வரும் ஒருங்கே ஆடினர்.

ஆனால் தலைமை? அது வரவில்லை. ஆண்டுக்காண்டு பாலுவைத் தலைவராக்குக என்று பத்திரிகைகளில் எழுதினோர் உண்டு. ஆண்டுக்காண்டு தேர்வுக் குழு வேறொருவரை நியமித்தது. 1913ஆம் ஆண்டில் தலைவரான எம்.டி. பாய் என்னும் பிராமணர், இம்மரியாதை மூத்தவரான பாலுவுக்கே உரியது என்று பொதுக்கூட்டத்தில் சொன்னார். சொன்னவர் மெய்யன்பர் என்பதில் ஐயமில்லை. எனினும் நியமனம் மாறவில்லை. தனிமனிதர் ஒருவரின் நற்குணம் அமைப்பின் வாயிலைத் திறக்கப் போதாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? சாக்கிய குமாரர்கள் சங்கத்தில் சேர வந்தபோது, தங்கள் நாவிதரான உபாலிக்கு முதலில் தீட்சை அளிக்குமாறு பகவானை வேண்டி, அவருக்குப் பின்னின்று அவரை வணங்கியதை நம் வாசகர் அறிவர். பம்பாய்த் தேர்வுக் குழுவினர் அதனைக் கேள்விப்பட்டிலர் போலும்.

1920ஆம் ஆண்டில் பொறுமை முடிந்தது. பாய் நோயுற்றிருந்தார். பாலுவை அணியிலிருந்தே விலக்கிவிட்டனர். தலைமையை விட்டலுக்கு அளிக்காது, அவரினும் இளையவரான பூனாப் பிராமணர் தேவதாருக்கு அளித்தனர். விட்டலும் சிவராமும் அணியிலிருந்து விலகினர். சும்மா விலகினாரல்லர், சாதி காரணமாகவே தங்கள் குடும்பம் அவமதிக்கப்படுகிறது என்று அறிக்கை எழுதிப் பத்திரிகையில் வெளியிட்டனர். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் பாலு விக்கெட்டுகளை வீழ்த்திக் காட்டியும் அசையாத குழு, இருவர் ஆட மறுத்தவுடன் அசைந்தது. அடுத்த ஆட்டத்திற்குச் சகோதரர் மூவரையும் அழைத்தனர். பாய் திரும்பி வந்து தலைவரானார், பாலு உபதலைவர். ஆட்டத்தின்போது பாய் வேண்டுமென்றே மைதானத்தை விட்டு வெளியேறினார். அந்நேரம் இந்து அணியைப் பாலு நடத்தினார். அவருக்கு அப்போது வயது ஏறக்குறைய 45.

1923ஆம் ஆண்டில் விட்டல் முறைப்படி தலைவரானார். வெள்ளையரை வென்றபின் உயர்சாதியினர் என்போரே அவரைத் தோளில் சுமந்து சென்றனர்.

இனி யாம் கூறுவது நம் வாசகருள் சிலருக்குக் கசக்கலாம். 1932ஆம் ஆண்டில் காந்தியார் எரவாடாச் சிறையில் உண்ணாவிரதம் இருந்தபோது, நம் சென்னையின் எம்.சி. ராஜாவும் பாலுவும் பாபாசாகேபை இணங்குமாறு வற்புறுத்தினர். செப்டம்பர் 24ஆம் நாள் எழுதிய பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசனார், ராஜா ஆகியோரோடு பாலுவும் கையொப்பமிட்டார். 1935ஆம் ஆண்டில் இயோலாவில் பாபாசாகேப், தாம் இந்துவாகச் சாவதில்லை என்று அறிவித்தார். மதம் மாறுவதைப் பாலு எதிர்த்தார். 1937ஆம் ஆண்டுப் பம்பாய் சட்டசபைத் தேர்தலில் காங்கிரசு அவரையே பாபாசாகேபுக்கு எதிராக நிறுத்திற்று. பாபாசாகேப் பெற்றவை 13,245 வாக்குகள். பாலு பெற்றவை 11,225.

அவர் கொண்ட நிலை நமக்கு உடன்பாடன்று. இதனைக்கொண்டு அவரைத் துரோகி என்று ஒதுக்குவோரும் நம்மிடையே உளர். அதுவும் யாம் ஒப்பக்கூடியதன்று. வெளியே நின்று மண் குவளையில் குடித்தவர் பின்னர் உள்ளே அமர்ந்து உண்டார். தம்பி தோளில் சுமக்கப்பட்டதையும் கண்ணாரக் கண்டார். இந்த வீட்டைத் திருத்திவிடலாம் என்று அவர் நம்பியதற்குக் காரணம் இருந்தது. பாபாசாகேபோ, ஒரு வாயிலைத் திறப்பதற்கே ஓர் ஒப்பற்ற வீரனின் ஆயுள் செலவாயிற்றே, மற்ற கோடிக்கணக்கானவர்க்கு எப்பொழுது திறப்பது என்று எண்ணினார் போலும். விட்டலைத் தோளில் சுமந்த அவ்வாண்டிலும் ஆலையின் நெசவுப் பகுதி அடைபட்டே கிடந்தது.

பாலு 1955 ஜூலை 4ஆம் நாள் பம்பாயில் காலமானார். முதல்தர ஆட்டங்கள் 33இல் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 179. அவர் மறைந்த காலத்தில் பாபாசாகேப் தில்லி அலிப்பூர் சாலை 26ஆம் எண் வீட்டில், நோயோடு போராடிக்கொண்டு, பகவான் புத்தரும் அவர் தம்மமும் பற்றிய நூலை எழுதிக்கொண்டிருந்தார். நாகபுரியில் நிகழவிருந்த தீட்சைக்கு இன்னும் 15 மாதங்கள் இருந்தன.