லண்டன் டு டார்வின்: இன்று 17 மணி நேரம், அன்று 19 நாட்கள்... தனியாகப் பறந்த எமி ஜான்சன் யார்?

லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரம் நேர்வழியில் சுமார் 13,900 கிலோமீட்டர். இன்றைய ஜெட் விமானம் எங்கும் நிற்காமல் பறந்தால் 17 மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துடலாம். 1930-ல் இதே பயணத்துக்கு எமி ஜான்சனுக்கு 19 நாட்களுக்கு மேல் ஆனது. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதல் பெண் இவர்தான்.

யார் இவர்?

1903-ல் இங்கிலாந்தின் ஹல் நகரில் பிறந்தார். அப்பா மீன் வியாபாரி. ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிச்சுட்டு, லண்டனில் ஒரு வக்கீல் ஆபீஸில் செக்ரட்டரி வேலை பார்த்தார். விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டதோடு நிற்கவில்லை. 1929-ல் விமானத்தைப் பழுதுபார்க்கும் கிரவுண்ட் இன்ஜினியர் லைசென்ஸையும் வாங்கினார். பிரிட்டனில் அதை வாங்கிய முதல் பெண்ணும் இவர்தான்.

அடுத்த வருஷமே ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிட்டார். அதுக்கு முன்னாடி அவர் பறந்த அதிகபட்ச தூரமே லண்டன் டு ஹல்தான்! விமானமும் செகண்ட் ஹேண்ட் 'ஜிப்ஸி மாத்'. மேற்கூரை கிடையாது, ரேடியோவும் கிடையாது.

வழியில் என்ன நடந்தது?

1930 மே 5-ல் லண்டனின் கிராய்டன் விமான நிலையத்திலிருந்து புறப்பட்டார். பாக்தாத் அருகே மணல் புயலில் சிக்கி, பாலைவனத்திலேயே இறங்க வேண்டியதாச்சு. ஆனாலும் 6 நாளில் கராச்சி வந்துட்டார். 1928-ல் 16 நாட்களுக்குள் ஆஸ்திரேலியா போன பெர்ட் ஹிங்க்லரைவிட, அந்த இடத்தில் அவர் 2 நாள் முன்னிலை.

பர்மாவில்தான் சிக்கல். கடும் மழையில் ரங்கூன் அருகே இன்செயினில் ஒரு விளையாட்டு மைதானத்தில் இறங்கியபோது, விமானம் பள்ளத்தில் விழுந்தது. இறக்கை கிழிந்து, புரொப்பெல்லரும் உடைந்தது. கையோடு எடுத்துட்டு வந்த மாற்று புரொப்பெல்லர் கைகொடுத்தது. பழைய விமானத் துணியில் தைத்த சட்டைகளை வைத்து இறக்கையை ஒட்டுப்போட்டார்கள். ஆனால் 3 நாள் போச்சு, ஹிங்க்லரை முந்தும் வாய்ப்பும் போச்சு. மே 24-ல் டார்வினில் இறங்கினார்.

19 நாட்கள் ஏன்?

சின்ன கணக்குதான். பல ஊர்களில் இறங்கி ஏறியதால் அவர் கடந்த தூரம் சுமார் 17,700 கிலோமீட்டர். வேகம் மணிக்கு சுமார் 135 கிலோமீட்டர். அப்படிப் பார்த்தால் வானத்தில் இருந்தது கிட்டத்தட்ட 130 மணி நேரம், அதாவது ஐந்தரை நாள். மீதி 2 வாரம் தரையில்தான் போனது: பெட்ரோல் போட, என்ஜினைச் சரிபார்க்க, பழுது நீக்க, கொஞ்சம் தூங்க.

இன்றைய ஜெட்டின் வேகம் அதைப்போல சுமார் 7 மடங்குதான். ஆனால் பயண நேரம் 27 மடங்கு குறைஞ்சிருக்கு. காரணம், நடுவில் இறங்கவே தேவையில்லாத அளவுக்கு எரிபொருள் கொள்ளளவும், நம்பகமான என்ஜினும்.

கடைசிப் பயணம்

இரண்டாம் உலகப்போரில் ராணுவ விமானங்களை ஓரிடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டுசேர்க்கும் வேலையில் சேர்ந்தார். 1941 ஜனவரி 5-ல் பிளாக்பூலிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் போகணும். சுமார் ஒரு மணி நேரப் பயணம். மோசமான வானிலையில் பாதை மாறி, தேம்ஸ் நதி முகத்துவாரத்தில் அவரது விமானம் விழுந்தது. காப்பாற்றக் குதித்த கடற்படை அதிகாரியும் உயிரிழந்தார். 37 வயதான எமியின் உடல் கிடைக்கவே இல்லை.

அவர் ஆஸ்திரேலியாவுக்கு ஓட்டிச்சென்ற 'ஜேசன்' என்ற அந்த விமானம், இன்றும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.